ஞானம்மா கேட்ட இடம்

1

ஒரு பெண்ணின் அரசாங்க வேலையை நான் பறித்தேன். அதற்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சபைப் பதிவேட்டில் இருந்ததை இருந்தபடியே எடுத்தெழுதி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவளுக்கு வேலை போனபின், அவளையும் அவள் தாயையும் சபை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானத்தையும் நானே எழுதினேன். என் கையெழுத்து மிக அழகாக இருக்கும். அதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். மயிலாப்பூரில் ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மனைவி ஜாய்ஸ் இறந்தபின் மகனோடு மெல்போர்னில் வசிக்கிறேன். இங்கிருந்து பத்திரிகைக்கு எழுதுபவர்கள் வழக்கமாக ரயில் நேரம் தவறாமல் வருவதைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாததைப் பற்றியும் எழுதுகிறார்கள். நானும் அப்படி ஒன்று எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அந்தச் சபையில் இருப்பவர்களுக்கு யார் யார் என்பது விளங்கும்.

2

இங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சால் செய்த பனி கிடக்கும், அதன் மேல் ஈ உட்கார்ந்திருக்கும். முதல் ஆண்டு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தப் பஞ்சைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

1997 நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மகன் ராஜன் சொன்னான்: “டாடி, பாப்பாவுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் வெச்சுக்கலாம்னு இருக்கோம்.”

பேத்திக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இழுத்தவன்.

“திடீர்னு என்னப்பா?”

மருமகள் ப்ரியா பதில் சொன்னாள். “அந்த ஸ்கூல்ல சர்டிஃபிகேட் கேக்கறாங்க மாமா. ஞானஸ்நானம் ஆன பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல சீட்டு.”

“நீங்க ரெண்டு பேரும் இந்த ஊருக்கு வந்து எத்தனை தடவை கோயிலுக்குப் போயிருக்கீங்க?”

“ஒரு பேப்பர்தானே டாடி,” என்றான் ராஜன். “இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

போதகர் இளைஞர். ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை நீட்டி, எத்தனை நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஞாயிறன்று குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் சிரித்தாள். சான்றிதழை ப்ரியா அங்கேயே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். பிறகு தோட்டத்தில் சாண்ட்விச் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் வாந்தி எடுத்தேன். வெயில் என்று நினைத்து ப்ரியா எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். வெயில் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் நிரப்பிய படிவம் நினைவுக்கு வந்திருந்தது. அதில் ‘கிறிஸ்தவப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதற்பெயரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற தலைப்பாகைப் பெரியவர் தம் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார். அவருக்கு அதனால் ஒன்றும் போகவில்லை. என் பேத்திக்கு ஒரு பள்ளிக்கூடமே கிடைத்தது. மயிலாப்பூரில் ஒருத்திக்குக் கிறிஸ்தவப் பெயர் இருந்ததால் சோறு போயிற்று. அதைப் போக்கியவன் நான்.

3

எங்கள் சபையில் எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்துதான் திருவிருந்து எடுப்போம். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி இருக்கும். அதை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு பேராக முழங்கால் போட, போதகர், நாங்கள் ஐயர் என்று அழைப்பவர், முதலில் அப்பமும் பிறகு திராட்சை ரசக் கிண்ணமும் கொண்டு வருவார். அவர்கள் எழுந்ததும் அடுத்த வரிசை போகும். முதல் வரிசையில் பழைய குடும்பங்கள் போகும். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. இப்படி ஒரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பின் பெஞ்சுக்காரர்கள் தாங்களாகவே காத்திருப்பார்கள். கிண்ணம் அவர்கள் வாயில் பட்டபின் எங்களிடம் வரக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். இவ்வளவு வெளிப்படையாக நான் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஞானம்மா பின் பெஞ்சில் உட்காருபவள். மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. புருஷன் இளம் வயதிலேயே இறந்து, எங்கள் கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலையில் அடக்கம் செய்யப்பட்டவன். ஒரே மகள். கோயிலில் அவள் பெயர் எஸ்தர், பள்ளிச் சான்றிதழில் கலைச்செல்வி. இது புதுமையில்லை. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சட்டப்படி அந்த ஒதுக்கீடு அவருக்கு இல்லை. மதம் மாறியதும் சாதி போய்விட்டது என்று சட்டம் நம்புகிறது. எங்கள் கிராதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருந்தால் அப்படி நம்பியிருக்காது. அதனால் பல குடும்பங்களில் இரண்டு பெயர், இரண்டு காகிதம். சபைக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

எஸ்தருக்கு அந்த ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. அது 1991. அந்தக் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு, தாயும் மகளும் புதுப் பட்டுப் புடவை கட்டி வந்தார்கள். திருவிருந்துக்கு அழைத்ததும் பின் பெஞ்சிலிருந்து எழுந்து நேராக நடந்து வந்து, முதல் வரிசையில் முழங்கால் போட்டார்கள். ஞானம்மாவுக்கு அடுத்து ஜாய்ஸ், ஜாய்ஸுக்கு அடுத்து நான். கிண்ணம் ஞானம்மாவின் உதட்டில் பட்டு ஜாய்ஸிடம் வந்தது. ஜாய்ஸ் எழுந்து போய்விட்டாள். நான் குடித்தேன். ஐயர் துணியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்தேன்.

வீட்டில் ஜாய்ஸ் சொன்னாள்: “எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. கிறிஸ்துமஸ் அதுவுமா இப்படியா?”

இதில் குமட்ட என்ன இருக்கிறது என்று கணவன் கேட்டிருக்க வேண்டும். நான், “பாத்துக்கறேன், விடு,” என்றேன்.

இரண்டு மாதத்தில் எஸ்தரின் அலுவலகத்திலிருந்து சபைக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் கிறிஸ்தவள் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள், பதிவேடு பார்த்துத் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். மொட்டைக் கடுதாசியை நான் எழுதவில்லை. ஜாய்ஸ் எழுதினாளா என்று அவளை நான் கேட்டதும் இல்லை. கேட்காமலே அவளை அடக்கம் செய்தேன்.

கடிதத்தை ஐயரிடம் காட்டினேன்.

“டிராயர்ல போட்டுடுங்க சார்,” என்றார். “இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா ஐயரே?”

“பொய் எங்க சொல்லச் சொன்னேன்? சும்மா இருங்கன்னு சொல்றேன்.”

“பதிவேடு என் பொறுப்பு,” என்றேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன். ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர். கீழே ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்போது மனதில் ஓர் இதம் இருந்தது. கர்த்தருக்காக ஒரு கடினமான காரியத்தைச் செய்துவிட்ட இதம். இன்று நினைத்தால் அந்த இதம்தான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

விசாரணை ஒரு வருடம் இழுத்தது. எஸ்தரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு கமிட்டி கூடியது. ‘விசுவாசத்தை மறைத்து அரசுக்குப் பொய்ச் சான்று கொடுத்தவர்’ என்று நான் தீர்மானம் எழுத, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் அவளைக் கிறிஸ்தவள் என்று வெளியே அனுப்பியது. நாங்கள் அவள் கிறிஸ்தவள் இல்லை என்று எழுதிக் கொடுத்ததற்காக வெளியே அனுப்பினோம்.

ஞானம்மா மட்டும் என்னைப் பார்க்க வந்தாள். “ஐயா, அவ பேரை எடுங்க. என் பேரை எதுக்கு எடுக்கறீங்க? நான் எந்த ஆபீஸ்ல இன்னா எழுதிக் குடுத்தேன்?”

“குடும்பத்துக்கு ஒரே கார்டுதான் ஞானம்மா,” என்றேன்.

4

பேத்தியின் ஞானஸ்நானம் முடிந்த மூன்றாம் வாரம் தனியாகச் சென்னைக்குப் போனேன். கையில் ஒரு காகிதம் இருந்தது. மெல்போர்னிலேயே எழுதி, ஒரு வக்கீல் முன்னால் சத்தியம் செய்தது. பதிவேட்டில் உள்ள எஸ்தர் வேறு ஒரு பெண், நான் தவறுதலாக எடுத்தெழுதிவிட்டேன் என்று அதில் இருந்தது. வேதாகமத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்லியிருந்தேன். இரண்டு இரவு தூங்காமல் ஜெபம் செய்து, பதில் ஒன்றும் கிடைக்காமல், நானாக முடிவு செய்தது.

ஓய்வு பெற்று அடையாறில் இருக்கும் பழைய ஐயர் விலாசம் கொடுத்தார். கே.கே. நகர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் ஒரு தட்டச்சு இயந்திரம், பின்னால் எஸ்தர். மனு தட்டிக்கொடுக்கிற வேலை. இரண்டு பேர் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டூலில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள்.

“இன்னா சார்,” என்றாள், “வழி தப்பி வந்துட்டியா?”

அத்தனை ஆண்டுகளில் அவள் என்னை ‘நீ’ என்று சொன்னதில்லை.

காத்திருந்த இரண்டு பேரின் வேலையையும் எஸ்தர் முடித்து அனுப்பினாள். பிறகு என் காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“பொய் சொல்றதுக்கு இத்தனை வருஷம் எடுத்துக்கிட்டீங்களா அங்கிள்? அன்னிக்குச் சும்மா இருந்திருந்தா போதுமே. லெட்டரை ஓரமா வெச்சுட்டு டீ குடிச்சிருக்கலாம்.”

“இதைக் காட்டிக் கேஸ் போடலாம்மா. நானும் வந்து சொல்றேன்.”

“கேஸ் போட்டா நான் கோர்ட்ல ஏறி, நான் கிறிஸ்டியன் இல்லன்னு சொல்லணும். அப்ப பேப்பர்ல எழுதினேன், வயித்துக்காக. இப்ப வாயால சொல்லச் சொல்றீங்களா?”

“நீ இப்ப எந்தச் சர்ச்சுக்கும் போறதில்லைன்னு ஐயர் சொன்னார்.”

“போறதில்ல. ஜெபம் பண்றேன். அதுக்கு ரிஜிஸ்டர் வேணாம்ல?”

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அப்போது ஞானம்மாதான் சொன்னாள்: “சார், அவளுக்கு ஒண்ணியும் வேணாம். எனக்கு ஒண்ணு பண்ணு.”

“அம்மா, சும்மா இரு.”

“நீ இரு. எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்ச்சு சார். டாக்டர் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. செத்தா என்னை நம்ப கல்லறையில வெக்கணும். பேர் இல்லன்னு சொல்லிக்கினு கீறாங்க. எம் புருஷன் அங்க கீறாரு. என்னை இங்க கொண்டாந்து கரண்ட்ல வெச்சு எரிச்சுடுவாங்கன்னு பயந்துக்கினு கீறேன்.”

எங்கள் சபையில் பெயர் இருந்தால்தான் கல்லறையில் இடம். அதனால்தான் வாழ்நாளில் நாலு முறை கோயிலுக்கு வராதவர்கள்கூடக் கார்டைப் புதுப்பித்துக்கொள்வார்கள். அவள் பெயரை வெட்டியபோது நான் அதை நினைக்கவே இல்லை.

“பண்றேன் ஞானம்மா,” என்றேன்.

5

இப்போதைய செயலாளர் பழைய குடும்பம் ஒன்றின் பையன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, அலமாரியிலிருந்து நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்தான்.

“அங்கிள், உங்க கையெழுத்து இன்னிக்கும் அச்சு மாதிரி இருக்கு பாருங்க,” என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். “தீர்மானம் நீங்க போட்டது. திரும்பச் சேரணும்னா எழுத்துமூலமா மன்னிப்புக் கேக்கணும்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு ஒரு லெட்டர் குடுக்கட்டும். ஈஸ்டருக்கு அப்புறம் கமிட்டில வெக்கலாம்.”

“அந்தம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லப்பா. தப்பு என்னோடது. நான் எழுதித் தர்றேன் மன்னிப்பு.”

“நீங்க என்ன அங்கிள் தப்பு பண்ணீங்க? ரெக்கார்டைத்தானே குடுத்தீங்க?”

கே.கே. நகருக்குத் திரும்பிப் போய் எஸ்தரிடம் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவே இல்லை.

“என்னான்னு எழுதணுமாம்? கிறிஸ்டியன் இல்லன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடுங்கன்னா? கிறிஸ்டியன்னு சொல்லித்தானே கவர்ன்மென்ட் வீட்டுக்கு அனுப்புச்சு? நீங்களும் அவங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க அங்கிள். அப்புறம் எழுதறேன்.”

கிறிஸ்துமஸ் அதிகாலை அந்தக் கோயிலுக்குப் போனேன். நட்சத்திரம், மல்லிகை வாசனை, புதுத்துணியின் கஞ்சி வாடை. பாட்டுகள் அப்படியே இருந்தன. என் வாய் தானாகப் பாடியது, நிறுத்தினேன். திருவிருந்துக்கு அழைத்தார்கள். முதல் வரிசை எழுந்தது. அப்பன்கள் போயிருந்தார்கள், பிள்ளைகள் வந்திருந்தார்கள். வரிசை மாறவில்லை. ஞானம்மா நடந்து வந்த அந்த வழியை யாரும் மறுபடி நடக்கவில்லை. பின் பெஞ்சுகள் தலைகுனிந்து காத்திருந்தன.

நான் எழவில்லை. பாவிகளுக்காகத்தான் அந்த மேசை என்று எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி நானே எழுப்பியனுப்பியிருக்கிறேன். கர்த்தாவே, நான் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கால் நகரவில்லை. அந்தக் கிண்ணத்தின் விளிம்பு எனக்குத் தெரிந்தது. அதைத் துடைக்கிற துணியும் தெரிந்தது. ஜாய்ஸ் எழுந்து போனபோது அவளைவிட நான் மேல் என்று உள்ளே ஒரு சின்ன சந்தோஷத்தோடு குடித்த என் வாயும் தெரிந்தது.

ஒருவர் குனிந்து கேட்டார்: “முட்டி வலியா அங்கிள்? ஐயரை இங்கயே கொண்டாரச் சொல்லட்டா?”

ஆராதனை முடிந்து வெளியே கேக் கொடுத்தார்கள். அங்கே நின்றிருந்த கமிட்டிக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வரிசை, ஜாய்ஸ், டிராயரில் போடாத கடிதம், கல்லறை. அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். செயலாளர் பையன் என் தோளைத் தட்டினான். “பண்டிகை நாள்ல பழசெல்லாம் எதுக்கு அங்கிள்? ஆன்ட்டி ஞாபகம் வந்துடுச்சு போல. கேக் சாப்பிடுங்க.” ஒரு பெண்மணி, “இந்த வயசுலயும் எவ்வளவு தாழ்மை பாருங்க,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

6

மறுநாள் ஜாய்ஸின் கல்லறைக்குப் போனபோதுதான் அது தோன்றியது. அவளை அடக்கம் செய்த அன்று பக்கத்து இடத்தை எனக்கென்று பதிந்து வைத்திருந்தேன். கல்லறை அலுவலகத்தில் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார்.

“பதிவு பண்ண இடத்துக்குச் சபைக் கார்டு கேக்கறதில்ல சார்,” என்றார். “இடத்துக்காரர் சம்மதம் எழுதிக் குடுத்தா போதும். ஒரு போதகர் வந்து ஜெபம் பண்ணணும். யார் வேணா பண்ணலாம்.”

ஞானம்மாவிடம் போய், அந்த இடத்தை அவளுக்குத் தருகிறேன் என்று சொன்னேன்.

“உன் சம்சாரம் பக்கத்துலயா?”

“ஆமா.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, எஸ்தர் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் சிரித்தாள். “அந்தம்மா எழுந்து ஓடிட்டா இன்னா பண்றது?”

“ஓட முடியாது ஞானம்மா.”

“அப்ப சரி,” என்றாள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. சம்மதக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தபோது தடுத்தாள். “உங்க கையால எழுதவேணாம். நான் தட்டறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.” தட்டினாள். போட்டேன். வாசல் வரைக்கும் வந்து, “அங்கிள், இதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க,” என்றாள். நினைக்கவில்லை என்றேன். அது முழு உண்மையில்லை. ஆட்டோவில் ஏறியதும் கொஞ்சம் நினைத்தேன்.

மார்ச்சில் மெல்போர்னுக்கு அவள் கடிதம் வந்தது, தட்டச்சில், ஆறு வரி. அம்மா இறந்துவிட்டாள். வடபழனியிலிருந்து ஒரு சின்ன ஜெபவீட்டுப் போதகர் வந்து ஜெபம் செய்தார். குமாஸ்தா கடிதத்தைப் பார்த்து இடம் கொடுத்தார். மயிலாப்பூர்ச் சபையிலிருந்து பின் பெஞ்சுக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். உங்களை மன்னித்துவிட்டதாக அம்மா சொன்னாள், அது அவள் விஷயம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். ராஜன் எடுத்துப் படித்துவிட்டான்.

“அம்மா பக்கத்துல யாரை வெச்சிருக்கீங்க? யாரு இந்தப் பொம்பள? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா டாடி?”

ஒரு பேப்பர்தானே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். ஜாய்ஸ் கிராதியிலிருந்து எழுந்து போனதிலிருந்து, கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி வரைக்கும் சொன்னேன். அவன் அம்மாவைப் பற்றி அப்படி யாரும் அவனிடம் பேசியதில்லை. என்னைப் பற்றியும்தான்.

முடித்ததும், “அப்போ உங்களை எங்க வைக்கிறது?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

எழுந்து பின்பக்கம் போனான். புல் வெட்டும் இயந்திரம் கிளம்பிய சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தோட்டம் அவ்வளவு பெரியதில்லை.